சேவல் கோபுரத்து ஊரில் நான் அளந்துவிட்டு வந்த கல்

என் உசுருக்குச் சமானமான அத்தானுக்கு,

அங்கன எப்படி இருக்கீக? நான் ஜெர்மனிக்குப் போயிட்டு வந்துட்டேன். உங்க மகன் கண்ணன்தான் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டான். எட்டாம் வகுப்பு தாண்டாதவன் ஏரோப்பிளேன்ல ஜன்னலோரமா போனேன். பைலட்டே வந்து வணக்கம் வச்சார்னு ஊருக்குள்ள சொல்லியிருக்கேன். உங்ககிட்ட மறைக்க என்ன, பாத்ரூம் போற வழியில தலையாட்டினார்.

கண்ணன் குடியிருக்கிறது ஒரு குட்டிக் கிராமம். மிஞ்சிப்போனா அறுபது வீடு. ஆனா அதோட சரித்திரத்தைக் கேட்டா மதுரைக்கே பொறாமை வரும். நடுவுல கல்லால கட்டின சர்ச். கோபுர உச்சியில ஒரு இரும்புச் சேவல், காத்து வர்ற பக்கம் திரும்பிக்கிடும். எண்ணூறு வருஷப் பழசுன்னு கண்ணன் சொன்னான். நான் இங்கன வந்து ஆயிரத்தைந்நூறு ஆக்கிட்டேன். கோயில்னா வயசு கூடத்தானே இருக்கணும்? ரெண்டு தடவை பட்டாளத்துக்காரங்க எரிச்சாங்களாம். ரெண்டு தடவையும் ஊர்க்காரங்களே கல் சுமந்து கட்டியிருக்காங்க.

ஆத்தோரத்துல ஒரு மாவு மில்லு, தண்ணியே சக்கரத்தைச் சுத்துது. பக்கத்துல பெரிய மரம், அந்தக் காலத்துப் பஞ்சாயத்து அதுக்கு அடியிலதானாம். அப்புறம் தீயணைப்பு வண்டி ஷெட், ஊர்க்காரங்களேதான் அதுக்கு ஆளு. சங்கு ஊதினா ரொட்டிக்கடைக்காரரும் வாத்தியாரும் போட்டது போட்டபடி ஓடி வந்து வண்டியில ஏறுறாங்க. அதைப் பார்த்துட்டு அங்கனயே நின்னுட்டேன். ஏன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

சர்ச் வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு கல். முழுக்கப் பேரு. ரெண்டு உலகச் சண்டையில செத்த ஊர்க்காரங்களாம். பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த ஒரு வயசான அம்மா ஒரு பேரைத் தொட்டு, "எங்க அப்பா"ன்னாங்க. மேல அந்தம்மா சொன்னதைக் கண்ணன்தான் தமிழ்ல சொன்னான். "அவங்க போட்டது நியாயமான சண்டைன்னு இந்தக் கல் சொல்லலை. இந்த ஊர்ல இருந்தாங்க, திரும்பி வரலை, அம்புட்டுதான் சொல்லுது." வருஷத்துக்கு ஒருநாள் ஊரே கூடி ஒவ்வொரு பேரா வாசிப்பாங்களாம்.

"உங்க ஊர்ல?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

என் வாய் சும்மா இருக்குமா? "இருக்கே. பட்டாசு ஆலைத் தீயில போன ஏழு பேருக்கும் கருங்கல் நட்டிருக்கோம். இதைவிட உயரம்"னேன்.

கண்ணன் என்னையே பார்த்தான். "மாமா, அப்படி ஒண்ணும் இல்லையே."

"நீ அவங்க பாஷையில சொல்லுலே."

தன் அப்பா, உங்க பேரு வெட்டாத கல்லை இருக்குன்னு சொன்னான் கண்ணன், அத்தான். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போட்டோ அனுப்பச் சொன்னாங்க. எத்தனையோ பொய் அளந்திருக்கேன், இது மட்டும் ஊருக்கு வந்தும் என்னை விடலை.

வந்ததும் ஊர்த் தலைவரைப் பார்த்து, பஸ் ஸ்டாப்புல நிசமாவே அந்தக் கல்லை நட இடம் கேட்டேன். "செத்தவன் பேரை பஸ் ஸ்டாப்புல எழுதி வச்சா, பட்டாசு லோடு ஏத்த வர்றவன் என்னய்யா நினைப்பான்? ஜெர்மனி போனதும் உமக்குக் கொம்பு முளைச்சிருச்சோ?"ன்னார். அக்காகிட்ட வந்து புலம்பினேன். தீப்பெட்டி ஒட்டுற அக்கா கை நிக்கவே இல்லை. "ஏலே, ரேஷன் கார்டுல அவுக பேரை அடிச்சாச்சு. ஓட்டு லிஸ்டுலயும் எடுத்தாச்சு. எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்லே."

அப்புறம் யாரைக் கேக்கணும்? தெருவைப் பார்த்த என் வீட்டுச் சுவரை இடிச்சு கல்லுக்கு இடம் விட்டுட்டேன். சாத்தூர் ரோட்டுக் கல்தச்சர் பேரெல்லாம் கேட்டார். அக்கா மத்த ஆறு பேரையும் வரிசையாச் சொல்லுச்சு. ஏழாவதுக்கு என் முகத்தைப் பார்த்துச்சு. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து உங்க பேரை அது வாய்விட்டுச் சொன்னதே இல்லையே. நான்தான் சொன்னேன். 'மாவீரர்'னு சேர்த்து வெட்டச் சொன்னேன், அதுக்கு அக்கா விடலை. "மத்த ஆறு வீட்டுலயும் நான் மூஞ்சி காட்டணும்லே. பேரும் பார்த்த வேலையும் போதும்."

இருக்கன்குடி கோயில் ஆடித் திருவிழா முடிஞ்ச மறுநாள் கல் நிக்கும். அன்னைக்கு ஏழு பேரையும் வாசிக்கிறதுக்கு நான் தொண்டையைச் செருமிப் பழகிக்கிட்டிருந்தேன். நேத்து அக்கா வந்து, "அவுக பேரை மட்டும் நான் வாசிக்கிறேன்"னுச்சு.

அது வாயில உங்க பேரு வர எம்புட்டு நேரமானாலும் சரி, எடுத்துக் கொடுக்க மாட்டேன் அத்தான். பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்க சம்சாரத்துக்குத் தம்பி, உங்களுக்கு என்னைக்கும் மச்சினன்.