தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பவும்

3 ஜூலை 2025, வியாழன்

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். மாசிக்குப் பிறகு இன்றுதான் எழுதுகிறேன்; தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். காரணம் உண்டு. அதை இன்று எழுதப்போவதில்லை.

எழுத வந்தது வேறு. எங்கள் இணையதளம் அழிந்துவிட்டது. அதற்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனம், புதுப்பிக்கவில்லை என்று பங்குனியிலேயே நீக்கிவிட்டதாம். நினைவூட்டல்கள் வந்திருக்கின்றன. நான் பார்க்கவில்லை. அனுமந்தன்பட்டி விவசாயி ஒருவர் கேட்டபோதுதான் தெரிந்தது: "அண்ணன் குரலு வர மாட்டேங்குதே மதினி. அதாச்சும் கெடந்துச்சு."

என் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் நின்றபடியே பேசுவார் — எந்த இலையில் நோய் இறங்கியிருக்கிறது, மருந்து அடிக்கலாமா, மழைக்குப் பொறுக்கலாமா என்று. நான் பதிவுசெய்து தளத்தில் ஏற்றுவேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். தளம் கட்டும் வித்தையை எவரிடமும் கேளாமல் கற்றுக்கொண்டேன். குரல் அவருடையது, தளம் என்னுடையது. பதிவுகள் அனைத்தும் பென் டிரைவில் பத்திரமாக உள்ளன. மீண்டும் ஏற்றுவேன்.

4 ஜூலை, வெள்ளி

வேறொரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினேன். உரிமையாளர் பெயர்: அழகர். கை தானாக அடித்தது. கரண்டு, எரிவாயு, தோட்டத்து மோட்டார் — இந்த வீட்டில் எதற்குத்தான் என் பெயர் போட்டிருக்கிறோம்?

எங்கள் கூட்டுக் கணக்கின் அட்டை எண்ணைக் கொடுத்தேன். ஓ.டி.பி. அவர் கைபேசிக்குப் போயிற்று. பீரோவில், அவர் சட்டைகளுக்கு நடுவே, மணி அடித்தது. சார்ஜ் இறங்காமல்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

பணம் ஏற்கப்பட்டது. பிறகு திரையில் ஒரு வட்டம். "உரிமையாளர் தம் முகத்தைக் காட்டவும். தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பவும்."

கணினியை மூடிவிட்டேன்.

7 ஜூலை, திங்கள்

நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். சென்னைப் பேச்சு, சின்னப் பெண்.

"முகம் சார்தான் காட்டணும் மேடம். பக்கத்துல இருக்காங்களா?"

"தோட்டத்துக்குப் போயிருக்காக."

"வந்ததும் பண்ணச் சொல்லுங்க மேடம்."

"சொல்றேன்."

செத்த மனுசனத் தோட்டத்துக்கு அனுப்பிட்டேன். எதுக்கு அப்பிடிச் சொன்னேன்? வாய் கூசலையா எனக்கு? — கூசல. சொன்ன அந்த நொடி நல்லா இருந்துச்சு.

8 ஜூலை, செவ்வாய்

மோட்டார் போட்டேன். எழுத ஒன்றுமில்லை.

10 ஜூலை, வியாழன்

அல்லிநகரத்தில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள் அனுஷ்கா பேசினாள். "அப்பா பேரப் போட்டா அப்பா மூஞ்சியத்தானம்மா கேப்பாக. இறந்துட்டாகன்னு ஒரு வரி எழுதிப் போடு."

"ஒரு வரியா?" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். "இயற்கை எய்தினார்." அழித்தேன். "அமரரானார்." அழித்தேன். நான் தேடித் தேடிச் சேர்த்த மரியாதைச் சொற்களெல்லாம் அவரை யாரோ பெரிய மனிதராக்கித் தூரத்தில் நிறுத்தின. இறுதியில் இப்படி அனுப்பினேன்: "என் கணவர் அழகர் மாசி மாதம் இறந்துவிட்டார். கணக்கை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்."

அந்த வாக்கியத்தை என் கையால் எழுதியது இதுவே முதல்முறை.

12 ஜூலை, சனி

பெயரை மாற்ற இயலாதாம். பழைய கணக்கை மூடிப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். புதிதாகத் தொடங்கினேன். உரிமையாளர்: நாகஜோதி.

ஆதார் படத்தில் இருப்பவள் குங்குமமும் பூவுமாக இருக்கிறாள். கண்ணாடியில் இருப்பவள் வெறும் நெற்றி. இவளை அவள் என்று இயந்திரம் எவ்வாறு நம்பும்? குங்குமச் சிமிழைத் தேடி எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டேன். அவருடைய அக்காள் ராமுத்தாய் மதினி அந்நேரம் உள்ளே வந்துவிட்டார்.

"என்னத்தா இது?"

"மிசினுக்கு அடையாளம் தெரியணும் மதினி."

என் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தார். "ஓரமா இருக்கு. நடுவுல வையி."

அப்போதும் இயந்திரம் ஏற்கவில்லை. அனுஷ்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பொட்டெல்லாம் பாக்காதும்மா அது. இருட்டுக்குள்ள உக்காந்திருப்ப. வெளிச்சத்துக்குப் போ."

தெருவில் போவோர் வருவோர் பார்க்க, வெயிலில், பொட்டோடு நின்று தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். ஏற்றுக்கொண்டது.

முந்தானையால் நெற்றியைத் துடைக்கப் போனேன். மதினி கையைப் பிடித்தார். "இருக்கட்டும். பொழுது சாயவும் அழிச்சுக்கிரலாம்."

15 ஜூலை, செவ்வாய்

பதிவுகள் அனைத்தும் ஏற்றியாயிற்று. கடைசிப் பதிவில் சொல்கிறார்: "மேகம் மலை மேலயே நிக்குது. இன்னைக்கு மருந்து அடிக்காதீக. நாளைக்குப் பாப்போம்."

தளத்தில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்றொரு பகுதி. வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதில் எழுதுவது அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். அதை மட்டும் நான் மாற்றவில்லை. எழுதி அனுப்பினேன். பீரோவுக்குள் மணி அடித்தது.

எழுதியது இவ்வளவே:

"தளம் வந்துவிட்டது. உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. விரைவில் பதில் போடுங்கள்."