மூன்றாவது கதிரை

உங்கள் கோப்பித்தூள் போத்தல் இன்னும் அலுமாரியின் மேல்தட்டிலேயே இருக்கிறது. இன்று காலை ஒரு மாணவி என் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். தேத்தண்ணியாவது ஊற்றிக் கொடுப்போம் என்று எழுந்தேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதைத் திறந்தால் அது உங்களுடையது. மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த வாசம் அறை முழுக்கப் பரவியது. பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து கண்டி அடங்கிய வாரத்தில் நீங்கள் இறந்துபோனீர்கள். அதற்குப் பிறகு அந்த மூடியை நான் தொட்டதே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா அனுப்பும் தூள் என்று என்ன பெருமை உங்களுக்கு! தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளான என் முகத்துக்கு நேரேயே, "உங்கட தேத்தண்ணி சுடுதண்ணிதானே" என்பீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை அறையில் இரண்டு மேசை போட்டு அத்தனை வருடம் இருந்தோம். படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகள், இனி என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அறைக்கு வருவார்கள்.

வருகிறவரோடு உட்கார்ந்து பேச இரண்டு கதிரை போதும். நீங்கள் மூன்றாவதாக ஒன்றையும் இழுத்துப் போடுவீர்கள். "உம்மோடை வந்தவையையும் இருக்கச் சொல்லும்." பிள்ளைகள் திகைத்துப்போய்க் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். தனியாகத்தான் வந்தோம் என்பார்கள். "இல்லை, ஆரோ வந்திருக்கினம். அம்மாவோ, மாமாவோ. அவையை அதிலை இருத்திப்போட்டு நீர் கதையும்" என்பீர்கள். இதென்ன நாடகம் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கலகெதர ஊர்ப் பையன் ஒருவன், அப்பாவே எதிரில் இருப்பதுபோல் வெறுங்கதிரையைப் பார்த்து, "எனக்கு இந்தக் கணக்கு வேல ஏலாது வாப்பா" என்று சொல்லி உடைந்த அன்றைக்குச் சிரிப்பு நின்றது.

உங்கள் கதிரையில் யார் என்று ஒருநாள் கேட்டேன். மழைக்காகப் பேராதனைச் சந்தியில் ஒதுங்கி நின்றோம். சட்டம் படிக்க ஆசைப்பட்ட உங்களை அப்பாதான் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினாராம். "இன்னும் அவர்தான் இருக்கிறார். மனுசன் எழும்புறாரில்லை" என்று சொல்லிவிட்டு வீதியைப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் பிடிவாதங்கள் எனக்குக் கொஞ்சம் புரிந்தன.

இன்று அழுத பிள்ளை மடுல்கெல்லப் பக்கம். போன வருடம் உங்களிடம் வந்தவள்தான். செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்கிறவள். அவளுடைய கை ஆய்வுகூடத்துக்கென்றே அமைந்தது என்று அவளுடைய விரிவுரையாளரே சொன்னார். அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவதாகச் சொன்னதும் உங்களுக்குக் கோபம் வந்தது. "தோட்டத்துப் பிள்ளை எண்டால் ரீச்சர்தான் எண்டு ஆர் எழுதி வைச்சது? உம்மை நீர் வீணாக்காதையும்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இப்போது இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவள் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நியமனம். இங்கே ஆய்வுகூடத்தில் ஒரு வேலை. திங்கட்கிழமை ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். நான் வழக்கம்போல் கதிரையை இழுத்துப் போட்டு, "அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா ஒண்ணும் சொல்லல மிஸ். நான் எங்க போனாலும் அவங்களுக்குச் சந்தோசம்தான்."

"அப்ப யாரு?"

கதிரையைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த மிஸ்தான்."

நீங்கள்தான். அப்பாவையும் மாமாவையும் பிள்ளைகளின் தலையிலிருந்து இறக்கிவைக்க நீங்கள் கண்டுபிடித்த கதிரையில் நீங்களே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் வேண்டுமாம். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை. அதையெல்லாம் விட, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குப் பிடிக்கிறதாம். ஆனால் செத்துப்போன உங்கள் பேச்சை எப்படித் தட்டுவது என்று பல நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். உயிரோடு இருப்பவர்களோடு சண்டை பிடிக்கலாம். உங்களோடு அவள் எங்கே போய்ப் பிடிப்பாள்?

தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்தேன். "அவங்க சொன்னது அவங்க நெனச்சது. தப்பாவும் இருக்கலாம்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மிஸ் இருந்தா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"நல்லாவே கோவிச்சுக்குவாங்க. அத நான் பாத்துக்கிறேன். நீ போறதா இருந்தா போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். படியிறங்கும் சத்தத்தில் கூட ஒரு இலேசு தெரிந்தது. எனக்குத்தான் பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. நீங்கள் சொன்னதே சரியாக இருந்துவிட்டால்? சில வருடங்கள் கழித்து அவள் வந்து, ஏன் மிஸ் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் என்ன பதில் இருக்கிறது? நீங்கள் இருந்திருந்தால் பின்னேரம் பஸ் வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டீர்கள். ஏறும்போது மட்டும், "நீர் செய்தது பிழை" என்றிருப்பீர்கள். மறுநாள் காலையிலிருந்து நாம் வாதாடியிருக்கலாம். அந்த வாதம் இல்லாமல் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றித் தனியே பேச எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளுடைய கதிரையிலிருந்து உங்களை எழுப்பி விட்டுவிட்டேன். கோபமென்றால் கோபமாகவே இருங்கள். என்னிடமிருந்து மட்டும் எழும்பிப் போய்விடாதீர்கள்.