சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிட்டுப் போய்விடும், இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். கத்திரி நன்றாகப் பிடித்திருக்கிறது, தக்காளியில் பாதி அணிலுக்குப் போகிறது. முன் அறைக் கதவு இன்னும் தரையில் உரசுகிறது, அதைச் சீவித் தரச்சொல்லி உன் அம்மா என்னை நச்சரிக்காத நாளில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அவள் அலமாரியில் பூட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிவிட்டு மறுபடியும் பூட்டுகிறாள்.

போன தடவை நீ வந்திருந்தபோது நமக்குள் ஒரு பேச்சு நடந்தது நினைவிருக்கும். ‘இந்த வயசுல எதுக்குப்பா தோட்டம், எங்ககிட்டயே வந்துடுங்க’ என்று நீ மூக்கைச் சிந்தினாய். நானும் வீறாப்பாக, என்றைக்கு என்னால் புல் வெட்டும் அந்தக் குட்டித் தோட்ட டிராக்டரை எடுத்து ஓட்ட முடியவில்லையோ அன்றைக்கே தோட்டத்தை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மரங்களுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தேன், பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, நான் சீட்டிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி உட்கார்ந்தேன், அவ்வளவுதான், இன்ஜின் பட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் கூட இல்லை. அதற்கு முன்னும் மேடு பள்ளத்தில் இரண்டொரு முறை விக்கியிருந்தது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பஸ் பணிமனையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றைக்குத் தொடங்கி மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பேட்டரியில் சார்ஜ் இருந்தது, அதன் முனைகளைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினேன், பியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது. புல் வெட்டும் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தால் வண்டி எடுக்காது, அதன் லீவரும் அணைத்தபடிதான் இருந்தது. பிரேக் மிதிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு, அதுவும் சரி. சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது, ஆள் உட்கார்ந்தால்தான் வண்டி எடுக்கும், எழுந்தால் நின்றுவிடும், யாராவது விழுந்தால் பிளேடு காலை வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதையும் விடவில்லை, டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, சீட்டை இரண்டு கையாலும் ஊன்றி அழுத்தினேன், விளக்கு ஜம்மென்று எரிந்தது, சரி இதிலும் கோளாறு இல்லை என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அந்த இடத்தில்தான். மூன்றாம் நாள், சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஏறி உட்கார்ந்து, நான் சொன்னபடி பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது! நான் குதித்த குதியில் டெஸ்ட் லேம்ப் கண்ணாடி உடைந்துபோனது. அவள் பயந்துபோய் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். நான் ஏறி உட்கார்ந்து திருப்பினேன், கப்சிப். அவள் ஏறினாள், கிளம்பியது. நான் ஏறினேன், கப்சிப். மூன்று முறை இப்படி ஆனதும் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ‘பார்த்தீங்களா, வண்டிக்குக் கூட யார் வீட்டு எஜமானின்னு தெரிஞ்சிருக்கு’ என்றாள். பிறகு என் தோளைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கொட்டகையில் காய் மூட்டை எடை போடும் தராசு இருக்கிறதல்லவா, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதன்மேல் நிறுத்தினாள். நாற்பத்தொன்பது கிலோ. நீ வந்துபோனபோது ஐம்பத்தெட்டு. (உன் அம்மாவின் எடையை இங்கே எழுதினால் இந்தக் கடிதம் தபால் பெட்டி போய்ச் சேராது.) ஊன்றி அழுத்திய கைக்கு இறங்கிய சீட்டு ஸ்பிரிங், உட்கார்ந்த நாற்பத்தொன்பது கிலோவுக்கு இறங்கவில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். ‘என்னங்க ஆச்சு, மறைக்காம சொல்லுங்க’ என்றாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது, சொன்னேன். கடைவாயில் இரண்டு பல் மூன்று மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மென்றால் மண்டை வரை தெறிக்கும். காலையிலும் இரவிலும் பாலில் நனைத்த ரொட்டியை விழுங்கி ஒப்பேற்றினேன், மதியச் சாப்பாட்டைத் தோட்டத்தில் சாப்பிடுகிறேன் என்று எடுத்துப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து நாய்க்குப் போட்டுவிடுவேன். அந்த நாய் ஏன் இப்படிக் கொழுத்துப்போய்க் கிடக்கிறது என்று உன் அம்மா இரண்டு முறை கேட்டிருக்கிறாள், நானும் அவளோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

பல் டாக்டர் என்றால் பயம் என்பது உண்மைதான். ஆனால் அது பாதிதான் மகளே. மீதிப் பாதி உன்னை நினைத்து. நான் இளைத்தது தெரிந்தால் நீ அந்த வாக்கைப் பிடித்துக்கொள்வாய், டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவாய், தோட்டம் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா சாப்பிடுறேன்மா, நல்லா இருக்கேன்மா என்று அளந்துவிட்டேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு என் குரலைத் தவிர வேறு என்ன தெரியும், அதிலேயே பொய் கலந்தேன். தப்புதான், மன்னித்துவிடு.

பம்ப்செட் மெக்கானிக் வந்தார், நீ சின்ன வயதில் ‘கிரீஸ் மாமா’ என்று கூப்பிடுவாயே, அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ‘இதுக்குப் போயா அண்ணே, அந்த ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிடுங்க, யார் உட்கார்ந்தாலும் ஓடும்’ என்றார். இரண்டு நிமிஷ வேலை. என் கையும் அதற்குள் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டது. உன் அம்மா வண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். ‘அந்த ஒயர் மேல மட்டும் கை வைக்காதீங்க. இந்த வீட்டுல பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்’ என்றாள். கட்டிங் பிளேயரைப் பெட்டிக்குள் போட்டேன். மெக்கானிக் நைசாக நழுவிவிட்டார்.

மறுநாளே பல் டாக்டரிடம் போனோம், உன் வயதுப் பெண்தான். முப்பது வருஷம் கரண்ட்டோடு விளையாடியவன் அந்த நாற்காலி பின்னால் சாய்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் இரண்டையும் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். இதற்காகவா மூன்று மாதம் பட்டினி கிடந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, வேறு எந்தக் குறையும் இல்லை. இந்த ஐந்து வாரமாக உன் அம்மா எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதை எண்ணிக்கொண்டிருக்கிறாள், நாய் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இவ்வளவு நாளும் புல்லை அவள்தான் வெட்டினாள், வரிசை கோணல்மாணல், ஆனால் அதை நான் சொல்லவில்லை. தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்ப்பேன். இன்று காலை கிளம்பிவிட்டது. இறங்க மனமில்லாமல் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன், பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. உன் அம்மா கொட்டகை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கேட்டால் புகை என்கிறாள். எனவே மகளே, கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும் என்று இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ கடைசியாக அனுப்பிய படத்தில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதாக உன் அம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஒரு எடை மெஷினில் ஏறி நின்று பார்த்து எழுது. நல்லா இருக்கேன்ப்பா என்று எழுதாதே, அந்த வித்தை எனக்குத் தெரியும். எண்ணை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஐம்பத்து மூன்று கிலோ, இன்று காலை, உன் அம்மா சாட்சி)