முந்நூறு கிராம்

அன்பு மகள் ஷம்சியாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம், போபால் விளையாட்டு ஹாஸ்டலில் நீயும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு வாய் அடைத்துப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன். வாப்பாவுக்குச் சர்க்கரை மறுபடி ஏறிவிட்டது. மீனா பஜாரில் நம் கடையில் கல்லாவுக்கு மேலே நீ நீல ஜூடோ உடுப்பில் நிற்கிற படத்தைத் தினமும் துடைப்பாரே, நீ விளையாட்டை விடப்போவதாகப் போன வாரம் சொன்னதிலிருந்து அதைத் தொடுவதில்லை.

ஒன்பது வயதில் உன்னை அந்த எகிப்து மாஸ்டரிடம் சேர்த்தபோது, பொம்பளைப் பிள்ளைக்குக் குஸ்தியா என்று குதித்தவள் நான்தான். நீ நாலு தடவை இந்தியாவிலேயே முதலாக வந்தாய், ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினாய். எல்லோரும் மெடலைப் பார்ப்பார்கள், நான் உன் விரல்களைப் பார்ப்பேன், எதிராளியின் சட்டையைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணிப்போய், பிளாஸ்திரி சுற்றி இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அபுதாபி போட்டிக்கு முன் மூன்று நாள் நம் வீட்டில் தங்கினாயே, நாற்பத்தெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று உப்பில்லாமல் காய் வேகவைத்து வடித்த தண்ணீர் மட்டும்தான் கேட்டாய். உதடு வெடித்து, கண் குழிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். பெற்ற வயிறு கேட்குமா? நோன்புக் கஞ்சிக்குப் போடுகிற மாதிரி ஆட்டெலும்பும் நொய்யரிசியும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அதைத்தான் காய்த் தண்ணீர் என்று கொடுத்தேன். ருசி வேற மாதிரி இருக்கே உம்மா என்றாய். பட்டினியில உன் நாக்கு செத்துப்போச்சு மவளே என்று சிரித்தேன். நீ நம்பிக் குடித்தாய். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று மருந்துக்கடை அப்ஸானா சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

முந்நூறு கிராம் கூடிவிட்டது, உன்னைப் போட்டியில் இறங்கவே விடவில்லை. ஒளித்துத் தின்றாய் என்று கோச் அத்தனை பேர் முன்னால் கத்தினார். அல்லாஹ் மேல் ஆணையாக இல்லை என்று நீ அழுதாய், ஒருவரும் நம்பவில்லை. உன் பையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம். என் உடம்பே என்னை ஏமாத்திட்டுது உம்மா என்று காரில் என் மடியில் படுத்துச் சொன்னாய், அப்போதும் சொல்லவில்லை இந்தப் பாவி.

போட்டிக்கு முந்தின நாள் எடை இறங்காததைப் பார்த்து, வீட்டு எடை மெஷின் பொய் சொல்கிறது என்று நீ கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போனாயே, நேற்று அதை எடுத்துப் பத்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பத்து காட்டியது. மெஷினும் பொய் சொல்லவில்லை, உன் உடம்பும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இன்று காலை வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைக் கோச்சிடம் கொண்டுபோ. அவருக்குத் தமிழ் தெரியாது, ஒரு வரி விடாமல் இந்தியில் சொல்லு. என் மானம் போனால் போகட்டும். விளையாட்டை விடுவதும் தொடர்வதும் உன் இஷ்டம், உன் மேல் தப்பு என்று நினைத்து மட்டும் விட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பலமும் தரட்டும். விரல்களுக்கு நல்லெண்ணெய் தேய்க்க மறக்காதே. என்னை மன்னிக்க முடிந்தால் பெருநாளுக்கு வா. உனக்கு வேண்டியதை நீயே சமைத்துக்கொள், நான் அடுப்படிப் பக்கம் வரமாட்டேன்.

உன் உம்மா,
ஜுலைஹா பீவி