யார் கையும் படாத இடத்தில் தேய்மானம்

அன்புள்ள பெரியவளுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ பள்ளிக்கூடப் பையோடு என் பட்டறைக்குள் நுழைந்து உளியைத் தூக்கிய அன்றே, இவள் ஒருநாள் மரக்கட்டையில் பாட்டு வரவைப்பாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் உன் சித்தப்பா. அப்படி எதுவும் நீங்கள் சொல்லவில்லை, உளியைக் கீழே வை சனியனே என்று கத்தினீர்கள் என்று உங்கம்மா இப்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து மறுக்கிறார். அவருக்கு ஞாபகசக்தி குறைந்துவருகிறது, மற்றபடி எங்கள் எல்லோருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, குறை இருப்பது மனசில்தான், அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மரத்தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

உங்கம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம், மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார், திட்டினால் வலி தெரியவில்லையாம். குளியலறைக் குழாய் சொட்டுவதை நானே சரி செய்துவிட்டேன், இப்போது அது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. பட்டறையில் வேலை தலைக்கு மேல். புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் ஒன்றுக்குப் புது மேசைகளை எல்லாம் பழசாக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சங்கிலியால் அடிக்கிறேன், ஊசியால் பூச்சி அரித்த ஓட்டை போடுகிறேன், டீத்தண்ணீரைத் தடவிக் கறுக்க வைக்கிறேன். ஓட்டல்காரர் வந்து மேசையைத் தடவிப் பார்த்து, இதில் ராஜாக்கள் சாப்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறதே என்றார். ஆமாம் சார், போன வாரம்தான் எழுந்து போனார்கள் என்றேன்.

நீ கேட்டிருந்தாயே, உங்கள் கிட்டார் கம்பெனியில் புத்தம்புது கிட்டாரை வேண்டுமென்றே சுரண்டித் தேய்த்துப் பழசாக்கி விற்கிறார்கள், அது உருப்படியான வேலைதானா, முதலாளி என்னை அந்தப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்கிறார், போகட்டுமா என்று. சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஆனால் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று முழுக்க இந்த வரியைத்தான் எழுதி எழுதி அடித்தேன். நீ உன் கையால் முதன்முதலாகச் செய்து சின்னவனுக்கு அனுப்பினாயே, அந்த கிட்டாரை நான் பழசாக்கிவிட்டேன்.

கோபப்படாமல் படி, கண்ணு. அது வந்து இறங்கிய அன்று வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த மயில்கழுத்து நிறத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள். ஆனால் சின்னவன் அதைத் தொடவே பயந்தான். சட்டைப் பொத்தான் கீறிவிடும் என்று பனியனோடு உட்கார்ந்து வாசித்தான். வாசித்து முடித்ததும் குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைத்துப் பெட்டியில் வைத்தான். ஊர் ஹாலில் சிநேகிதர்களோடு மேடையேறி வாசிக்கப்போகிறேன், ஆனால் அக்கா கொடுத்ததை அந்தக் கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது சித்தப்பா என்று புலம்பினான். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், நாலு நாள் நாமே போட்டு நடந்து பழக்கிக் கொடுத்துவிட்டால் பையன் நிம்மதியாக நடப்பான் என்று எனக்குத் தோன்றியது. முதல் கீறல் விழுகிற வரைக்கும்தானே பயம், அந்த முதல் கீறலை நான் போட்டுவிட்டால்? என் புத்தி அப்படிப் போனது. நல்ல புத்திதான், போன வழிதான் சரியில்லை.

சின்னவன் பரீட்சை எழுத வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து எடுத்தேன். ஒரு பத்திரிகையில் வந்த பழைய கிட்டார் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். குளிரில் வைத்து வெளியே எடுத்தால் பெயின்ட்டில் முடி மாதிரி விரிசல் ஓடும் என்று கேள்விப்பட்டு, கம்பி எல்லாம் கழற்றி, துணியில் சுற்றி, தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அந்த நீளத்தைப் பார்த்துவிட்டு, யாரு, எப்போ எடுக்கிறாங்க என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருடைய ஐஸ்பெட்டியில் படுக்க வைத்து எடுத்தேன், ஒரு விரிசல் வரவில்லை. மறுபடி வைத்தேன், வரவில்லை. அம்மாடி, நான் மேசைக்கும் கதவுக்கும் பூசியே தலை நரைத்தவன், உன் பெயின்ட் என்னிடம் மசியவில்லை. அப்படி அடித்திருக்கிறாய். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ரோஷம்தான் வந்தது. உப்புத்தாளை எடுத்துவிட்டேன். முன்கை உரசுகிற ஓரத்தில் மரம் தெரிகிற வரை தேய்த்தேன், முதுகுப்பக்கம் பெல்ட் கொக்கி கீறின மாதிரி கீறினேன், திருகாணிகளை வினிகரில் ஊறப்போட்டுத் துரு ஏற்றினேன். படத்தில் இருந்த கிட்டாரின் உடம்பில், கழுத்தை ஒட்டி நிற்கிற கொம்பு ஒரு பக்கம் நீண்டிருந்தது, உன்னுடையதில் எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. பத்திரிகைக்காரன் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டான், பாவம் என்று அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே தேய்த்தேன்.

சின்னவன் வந்தான். பெட்டியைத் திறந்தான். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடது கையை மேலே போட்டான். அவன் கை படுகிற இடம் கண்ணாடி மாதிரி பளபளவென்று அப்படியே இருக்கிறது. நான் தேய்த்து மரத்தைக் காட்டிய ஓரம் கீழே அவன் தொடையில் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா, இது யார் வாசிச்சது என்று கேட்டான். எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்த இடத்துல எவன் கையும் படாது, நான் இடது கைக்காரன், கடையில இடது கைக்குக் கிடைக்கலைன்னுதானே அக்கா எனக்குன்னு செஞ்சா, நீங்க இதை வேற எவனோடதோ ஆக்கிட்டீங்க என்றான். அவ்வளவுதான் சொன்னான். இவனை வலது கையால் எழுதச் சொல்லி அடித்த டீச்சரிடம், எங்கள் வீட்டுப் பிள்ளை எந்தக் கையால் எழுதினாலும் எழுத்து எழுத்துதான் என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டவன் நான். ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன், உனக்கே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த நானே அவன் கையை மறந்துபோனேன். அப்படியானால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு கை முளைக்க வைத்துக்கொள்ளடா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. உங்கம்மா உப்புத்தாள், பிரஷ், வினிகர் பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பெரியவ போன்ல கேட்டா கிட்டார் நல்லா இருக்குன்னுதான் நான் சொல்வேன், செஞ்சவரே எழுதிச் சொல்லட்டும் என்றார். நீ போனில் கேட்டபோது அவர் அப்படி ஒரே வார்த்தையில் முடித்ததிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் கெட்டதிலும் ஒரு நல்லது நடந்தது, அதையும் கேள். போன வாரம் ஹாலில் சின்னவன் வாசித்தான். உன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு மேடையில் நின்றான், இரண்டாவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டான், மூடின கண்ணைக் கடைசிவரை திறக்கவில்லை, கூரை பறக்கிற மாதிரி கை தட்டினார்கள். உங்கம்மா அழுததை நான் பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார், நான் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் கிட்ட வந்து, தம்பி இது எந்தக் காலத்துக் கிட்டார், எத்தனை கை மாறி வந்ததோ என்று தடவித் தடவிக் கேட்டார். சின்னவன் சிரித்தான். ஆக வேலை வீண்போகவில்லை பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஓட்டல் மேசையில் நாளைக்கு யார் உட்காருவார்கள் என்று யாருக்குத் தெரியும், அதை எப்படி வேண்டுமானாலும் பழசாக்கலாம். காசு கொடுத்துக் கீறல் கேட்கிறவனுக்குக் கீறிக் கொடுப்பதும் தப்பில்லை, தலைமுடியை வெளுக்க வைத்துக்கொள்கிறவன் இல்லையா, அந்த மாதிரி. முதலாளி சொல்கிற இடத்துக்குப் போவதானால் போ. ஆனால் உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால், வாசிக்கப்போகிறவன் எந்தக் கைக்காரன், உட்கார்ந்து வாசிப்பானா நின்று வாசிப்பானா என்று கேட்டுவிட்டு எடு. யாருக்கு என்று தெரியாவிட்டால் எடுக்காதே. பெயின்ட் அடிக்கிற பிரிவிலேயே நீ இருந்துவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், அந்த வேலையில் உன்னை ஜெயிக்க முடியாது என்பதற்கு ஐஸ்கிரீம் கடைக்காரரே சாட்சி.

அந்த நிறத்துக்கு நீலமும் பச்சையும் எந்த அளவில் கலந்தாய் என்று எழுது. நான் அடிக்கப்போவதில்லை, பயப்படாதே, உங்கம்மாவிடம் சாவி இருக்கிறது. நீ லீவில் வரும்போது பெயின்ட்டைக் கையோடு கொண்டு வா, டப்பாவை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன். நடுவில் சின்னவனுக்கு நீயாகப் போன் பண்ணு, அவனாகச் சொல்ல மாட்டான், உன் மனசு நோகும் என்று முழுங்கிக்கொள்வான். துணி கட்டாமல் மரம் இழைக்காதே. கையும் கண்ணும் பத்திரம். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நான் தொட்டதும் உன்னால் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெறாத குறைக்கு வளர்த்த,
சித்தப்பா

பி.கு. கவரை ஒட்டிவிட்டு, பிரித்து இதை எழுதுகிறேன். ஹாலில் நடந்ததாக எழுதினேனே, அத்தனையும் நடந்ததுதான். கண்ணை மூடினது, கை தட்டினது, உங்கம்மா அழுதது, அந்தப் பெரியவர் தடவித் தடவிக் கேட்டது, எல்லாம். சிநேகிதனுடைய அப்பாவின் வலது கைக் கிட்டார் ஒன்று, நிஜமாகவே பழசு, அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொண்டு வாசித்தான். அவன் தோளில் இருந்தது மட்டும் உன் கிட்டார் இல்லை.