வெள்ளிக் கதிர்

மார்கழி, சனிக்கிழமை இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதப்போகிறேன்.

தாவரவியல் டீச்சர் போன வாரம் பெல்ஜியம் பக்கத்துப் பழைய பிளெமிஷ் பூ ஓவியம் ஒன்றைக் காட்டினார். குவளை நிறையப் பூக்கள். ஓர் இதழில் ஈ, ஓர் இலையில் புழு தின்ற ஓட்டை. "அழகு கெட்டுடும்னு அவங்க எதையும் மறைக்கல. தாவரப் படம் வரையுறவங்க அவங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டாங்க" என்றார்.

பள்ளிக் கண்காட்சிக்கு நானும் அப்படியே எதையும் மறைக்காமல் ஒரு நெற்கதிர் வரைந்தேன். எங்கள் வயலில் பச்சைக் கதிர்களுக்கு நடுவே அது மட்டும் வெள்ளி போல நிமிர்ந்து நின்றது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மஞ்சள் அந்துப்பூச்சியையும் அதன் இறக்கைக் கரும்புள்ளியையும்கூட வரையாமல் விடவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவரின் முகம் மாறிவிட்டது.

"பாப்பா, இதை எங்க பாத்த?"

"நம்ம வயல்லதான்ப்பா. அழகா இருக்குல்ல?"

"குருத்துப்பூச்சிம்மா இது. தண்டைக் குடைஞ்சிருக்கு. இந்தக் கதிர்ல ஒரு நெல்லு இருக்காது."

படத்தில் கதிரின் அடியைத் தொட்டுக் காட்டினார். பழுப்பாக, அரித்துப்போய் இருந்தது. அதையும் நான்தான் வரைந்திருக்கிறேன்.

"இது ஒண்ணுதான் இருந்துச்சா?"

"வாய்க்கால் ஓரம் பூரா இருந்துச்சுப்பா. அதுல நல்லதாப் பாத்து எடுத்தேன்."

அப்பா படத்தோடு வயலுக்குப் போனார். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். படத்தை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருக்குப் போட்ட சோறு அப்படியே இருக்கிறது.

அம்மா கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.