ஈவன் வீடு திரும்பின அத்தியாயம்

விட்பி, கனடா
19 ஒக்டோபர் 2024

கௌசி அக்கா,

பின்னேரம் நாலு ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரியிலை இருந்து கோல் வந்த நேரம் அது. விமான நிலையத்திலை பெட்டியள் போற பெல்ட் ஒண்டு நிண்டுபோச்சு. கொன்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனான். துவாரகா விமான நிலையத்துக்கு வந்த டக்ஸியை 401 ஹைவேயிலை லொறி அடிச்சுப்போட்டுது, ஆள் தப்பேல்லை எண்டு சொல்லிச்சினம். நான் "ஓகே, தாங்க்யூ" எண்டு சொல்லிப்போட்டு, வயர் ரெண்டையும் கொழுவி, பெல்ட்டை ஓடவிட்டுட்டுத்தான் வெளிக்கிட்டனான். ஏன் எண்டு கேக்காதேங்கோ. இண்டைக்குப் பதினேழாம் நாள், எனக்கு இன்னும் தெரியேல்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கிலை குடுக்கிற நினைவுப் புத்தகம், கல்வெட்டு, அடிக்கவேணும். மாமி அஜக்ஸிலை இருந்து படமும் தேவாரங்களும் அனுப்பிப்போட்டா. எனக்கு அதோடை துவாரகா எழுதின கடைசி அத்தியாயத்தையும் போடவேணும். அந்தத் தொடர்கதையை நாலு பாகம் இணையத்திலை எழுதினவள். சாகாத வீரன் ஈவன் நானூறு வரியம் நாடு நாடாச் சண்டை பிடிச்சு, அஞ்சாம் பாகத்திலை ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி வாறான். அந்த இடங்களைப் பாக்கத்தானே உங்கை, கிளாஸ்கோவுக்கு, ரெண்டு கிழமைக்கு வெளிக்கிட்டவள்.

லப்டொப் நொருங்கிப்போச்சு. டிஸ்க்கைக் கழட்டிப் பாத்தன், வாசிக்குதில்லை. எழுதின உடனை உங்களுக்குத்தான் அனுப்புறவள். அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ. உங்கடை தங்கச்சி எழுதினதிலை நான் ஒரு வரியும் வாசிக்கேல்லை.

நிதுசன்


கிளாஸ்கோ
20 ஒக்டோபர்

அன்பு நிதுசன்,

போனை எடுத்தால் என்ன? ஈமெயிலிலை அழ எனக்குப் பழக்கமில்லை. எட்டு மாச வயித்தோடை பிளேன் ஏறேலாமல், தங்கச்சியின்ரை செத்தவீட்டை லைவிலை பாத்தனான். அதிலையும் நடுவிலை ரெண்டு நிமிசம் படம் நிண்டுபோச்சு.

சனம் தந்த சாப்பாடு ஃபிரிட்ஜிலை இருக்குமே. மூடியைத் திறந்தாவது பாரும்.

அத்தியாயம் முடியேல்லை, தம்பி. அரைகுறையை அடிச்சால் அவளுக்கே பிடிக்காது. ஒரு கமாவை மாத்தச் சொன்னதுக்கு என்னோடை மூண்டு நாள் கதைக்காமல் இருந்தவள். அம்மாவும் "வாளும் வெட்டுமா இருக்கிற கதையைக் கல்வெட்டிலை போடுறதோ" எண்டு கேட்டவ. தேவாரம் காணும். பிறகு ஒருநாள் தாறன். விடும்.

கௌசி


விட்பி
22 ஒக்டோபர்

கௌசி அக்கா,

நேற்று பொலிஸ் சூட்கேஸைத் தந்தது. நிறுத்துப் பாத்தன், வேலைப் பழக்கம். இருபத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம். குளிர் ஜக்கெட் ரெண்டு. பூட்ஸ். அடியிலை அந்த நீல ஃபைல். பிறப்பு அத்தாட்சி, சிட்டிசன்சிப் பேப்பர், யுனிவர்சிட்டிச் சேட்டிபிக்கற், பல்லு எக்ஸ்ரே கூட.

அந்த ஃபைலை எப்ப கையிலை எடுக்கிறது எண்டு உங்கடை வீட்டுக்கும் தெரியும், எங்கடை வீட்டுக்கும் தெரியும். என்ரை அம்மா மூண்டு தரம் இடம்பெயரேக்கை நகையை விட்டாலும் இப்பிடியொரு ஃபைலை விடேல்லை. ரெண்டு கிழமைப் பயணத்துக்கு ஆரும் அதைக் கொண்டுபோறேல்லை.

எங்கடை கலியாணச் சேட்டிபிக்கற் மட்டும் அதுக்குள்ளை இல்லை. அது மேசை லாச்சியிலை கிடக்கு. தனிய எடுத்து வைச்சுட்டுப் போயிருக்கிறாள்.

அவள் திரும்பி வாற எண்ணத்தோடையோ வெளிக்கிட்டவள்? ஓம் அல்லது இல்லை. எனக்கு அவ்வளவும் காணும்.

நிதுசன்


கிளாஸ்கோ
24 ஒக்டோபர்

நிதுசன்,

இல்லை.

ரெண்டு நாளா அந்த ஒரு சொல்லைத்தான் எழுதி எழுதி அழிச்சனான்.

வரச் சொன்னது நான். புது வீடு, அக்கம்பக்கத்திலை கதைக்க ஒரு சனமில்லை. நீர் காலமை அஞ்சுக்கு மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வாறது. சனி ஞாயிறும் ஓவர்டைம். "அக்கா, அவர் கெட்டவர் இல்லை. வீட்டிலை இல்லை, அவ்வளவுதான்" எண்டு சொன்னவள். இஞ்சை ஒரு வேலையும் பாத்து வைச்சிருந்தனான். வந்து சேந்தாப் பிறகு உமக்கு எழுதுறன் எண்டவள்.

நான் வா எண்டு சொல்லாட்டி அந்த டக்ஸியிலை ஏறியிருக்க மாட்டாள். அதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி உம்மைச் சாப்பிடச் சொல்லுறன் எண்டு எனக்கே வெக்கமாக் கிடக்கு.

அத்தியாயம் இதோடை இருக்கு. வாசியும். ஆனா புத்தகத்திலை அடியாதையும். ஈவன் ஆர் எண்டு வாசிக்கிற எல்லாருக்கும் விளங்கும். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. மருமோன் மருமோன் எண்டு உம்மைத் தலையிலை வைச்சிருக்கிறா. அவவுக்கு இப்ப மிச்சம் அதுதான்.

கௌசி


விட்பி
28 ஒக்டோபர்

கௌசி அக்கா,

வாசிச்சன். நாலு பாகத்தையும் முதலிலை வாசிச்சு, பிறகு இதை வாசிச்சன். வேலைக்குப் போகேல்லை.

ஈவன் நிண்டுகொண்டே சாப்பிடுறான், பூட்ஸைக் கழட்டாமல். நானும் அப்பிடித்தான். ஊருக்கு வந்து பாத்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. அவன்ரை மனுசி மோராக் அவனைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை. தண்ணிக்கு அந்தப் பக்கம் போய், ஆடு வளத்து, சிரிச்சு, கிழவியாகிச் செத்திருக்கிறாள். அவள் சொல்லி வைச்சதை ஊர்ச்சனம் அவனுக்குச் சொல்லுது: "சாகாதவனுக்கு வீடு திரும்ப என்ன அவசரம்? எனக்கு இருந்தது ஒரு ஆயுள்தான்." அதோடை நிக்குது. அவனில்லாமல் வாழ மோராக்குக்குத் துவாரகா நாப்பது வரியம் குடுத்தவள்.

நீங்கள் வா எண்டு கூப்பிட்டது பிழையில்லை. அவள் வெளிக்கிட்ட அண்டைக்கு "விமான நிலையத்துக்கு ஏத்திக்கொண்டு போறீரோ" எண்டு என்னைக் கேட்டவள். டக்ஸி எடும் எண்டு சொன்னது நான். உங்களிலை கோவம் இல்லை. கோவம் எண்டு ஒண்டுமே இப்ப வருகுதில்லை.

கல்வெட்டு இண்டைக்கு ஸ்காபரோவிலை அச்சாகுது. அத்தியாயத்தைப் போட்டிருக்கிறன், ஒரு கமாவும் மாத்தேல்லை. என்ரை பேருக்கு முன்னாலை "பிரிவால் துயருறும் அன்புக் கணவர்" எண்டு போட்டிருந்தினம். "அன்பு" எண்டதை எடுக்கச் சொன்னன். அச்சடிக்கிற அன்ட்ரூ அண்ணை "தம்பி, ஒரு சொல்லை எடுத்தாக் காசு குறையாது, இருக்கட்டும்" எண்டார். எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

மாமிக்குத் தெரியாமல் அடிக்க எனக்கு ஏலாது. அத்தியாயத்தின்ரை பிரதியொண்டைக் காலமை அவவின்ரை கதவடியிலை வைச்சுட்டு வந்தனான். இப்ப வாசிச்சுக்கொண்டு இருப்பா. நிப்பாட்டச் சொல்லுவா. நீங்களும் சொல்லுவியள். உங்கள் ரெண்டு பேரின்ரை குரலைக் கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன்.

அச்சு ஆறு மணிக்கு முடியும். அதாலை போனை நிப்பாட்டிப்போட்டன்.

நிதுசன்